கீமோவோடு கூடுதல் மருந்து: அப்பாவை டிரையலில் சேர்க்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 54 வயது. காய்கறி மண்டியில் ஏலம் கூறுபவர். இருபத்தைந்து வருடமாக வெற்றிலையோடு புகையிலை போடுகிறார். இடது கன்னத்தின் உட்பக்கம் ஆறாத புண் ஒன்று இருந்தது. பயாப்சியில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. கழுத்தில் அதே பக்கம் இரண்டு இடத்தில் நெறி கட்டியிருக்கிறது. ஸ்டேஜ் 4ஏ என்கிறார்கள். கட்டி கீழ்த்தாடையை ஒட்டியிருக்கிறது, எலும்பு அரிக்கவில்லை என்று ஸ்கேனில் இருக்கிறது. ஆபரேஷன் செய்தால் தாடையில் ஒரு பகுதியை எடுக்க வேண்டிவருமாம். அதே ஆஸ்பத்திரியில் ஒரு டிரையல் நடக்கிறது. முதலில் கீமோ, பிறகு ஆபரேஷன். சிலருக்கு மட்டும் கீமோவோடு ஒரு டிரிப்ஸும் ஒரு மாத்திரையும் கூடுதலாகத் தருவார்கள். யாருக்கு என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும் என்கிறார்கள். "அண்ணனை வைத்துச் சோதனை செய்யப் பார்க்கிறார்கள்" என்று சித்தப்பா சண்டை போடுகிறார். எனக்கோ, புது மருந்து கிடைத்தால் நல்லதுதானே, தாடையும் தப்புமே என்று இருக்கிறது. வாட்ஸப்பில் 'மும்பைக் குறைந்த டோஸ் ஊசி' என்று ஒன்று வருகிறதே, அது உண்மையா? அப்பாவிடம் நோயின் பெயரை இன்னும் சொல்லவில்லை. என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ரிப்போர்ட்டுகளைப் படித்தேன். முதலில் அந்த ஸ்டேஜ். நாலு என்றதும் வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வாய்ப்புற்றுநோயில் நான்காம் ஸ்டேஜையே மூன்றாகப் பிரிப்பார்கள். நுரையீரல் மாதிரி தூரத்து உறுப்புகளுக்குப் போயிருந்தால்தான் 4சி. உங்கள் அப்பாவுக்கு 4ஏ என்று போட்டிருப்பது கழுத்தில் கட்டியிருக்கும் அந்த இரண்டு நெறிகளால். குணப்படுத்தும் நோக்கத்தோடு ஆபரேஷன் செய்யக்கூடிய நிலைதான் அது. சித்தப்பாவிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.

இனி டிரையல். உங்கள் கடிதத்தில் இரண்டு ஆசைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. தாடை தப்ப வேண்டும், அப்பா நெடுநாள் இருக்க வேண்டும். இரண்டும் நியாயமானவை. ஆனால் ஆபரேஷனுக்கு முன்னால் தரும் கீமோ இரண்டுக்கும் ஒரே அளவில் உதவுவதில்லை. அதைப் பிரித்துப் பார்க்காமல் புது மருந்தைப் பற்றி எவ்வளவு பேசினாலும் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வருவோம்.

வாய்ப்புற்றுநோய்க்கு முதல் மருந்து இன்றைக்கும் கத்திதான். கட்டியைச் சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதையோடு வெட்டி எடுப்பார்கள், கழுத்து நெறிகளையும் சேர்த்து எடுப்பார்கள். அப்புறம் ரிப்போர்ட்டைப் பார்த்துக் கரண்ட் (கதிர்வீச்சு) வைப்பார்கள். தேவைப்பட்டால் அதோடு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ ஊசியும் உண்டு. "கத்தி பட்டால் பரவிவிடும்" என்று சொல்ல எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பார். பரவுவது கத்தியால் அல்ல, கத்திக்குப் பயந்து தள்ளிப்போடும் மாதங்களால்.

இந்த வரிசையை மாற்றி முதலில் கீமோ கொடுத்தால் என்ன என்று பல வருடமாகவே கேட்டுவருகிறார்கள். ஷாங்காயில் உங்கள் அப்பாவைப் போலவே 3, 4ஏ ஸ்டேஜில் வாய்ப்புற்றுநோயோடு இருந்த 256 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு நேராக ஆபரேஷன், பிறகு கரண்ட். இன்னொரு பாதிக்கு டோசிடாக்செல், சிஸ்பிளாட்டின், 5-எஃப்யூ மூன்றும் சேர்ந்த கீமோ இரண்டு சுற்று கொடுத்துவிட்டு அதே ஆபரேஷன், அதே கரண்ட். கீமோ எடுத்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்குக் கட்டி நன்றாகவே சுருங்கியது. பார்த்தவர்களுக்கெல்லாம் சந்தோஷம். ஆனால் இரண்டு வருடம் கழித்து எண்ணிப் பார்த்தபோது இரண்டு பக்கமும் உயிரோடு இருந்தவர்கள் ஏறக்குறைய சரிசமம், 68 சதவீதத்தை ஒட்டி. 2013இல் வெளியான முடிவு இது. கட்டி சுருங்குவது வேறு, ஆயுள் கூடுவது வேறு என்பதை எங்களுக்கெல்லாம் நெற்றியில் அடித்துச் சொன்ன ஆய்வு. (கீமோவுக்குப் பிறகு வெட்டியெடுத்த சதையில் உயிருள்ள புற்றுச் செல்கள் ஏறக்குறைய இல்லாமலே போனவர்களுக்கு மட்டும் நல்ல பலன் தெரிந்தது. இதை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.)

தாடை விஷயத்தில் கதை வேறு. இத்தாலியில் 195 பேரிடம் செய்த ஆய்வு 2003இல் வந்தது. ஆயுளில் வித்தியாசம் இல்லை. ஆனால் நேராக ஆபரேஷன் செய்தவர்களில் 52 சதவீதம் பேருக்குத் தாடையை வெட்ட வேண்டியிருந்தது. கீமோ முதலில் எடுத்தவர்களில் 31 சதவீதம் பேருக்குத்தான். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் உங்கள் அப்பாவுக்கு இருப்பது போலவே தாடையை ஒட்டியிருந்து எலும்பை அரிக்காத கட்டிகளை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். கீமோ கொடுத்த 34 பேரில் 16 பேருக்குத் தாடை தப்பியது. நோய் திரும்பும் கணக்கிலும் அவர்கள் பின்தங்கவில்லை. சிறிய ஆய்வுதான், 2022இல் வந்தது. 16 பேருக்குத் தப்பியது என்றால் 18 பேருக்குத் தப்பவில்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள். அதனால் கீமோ முடிந்த பிறகும், "தாடையை எடுக்கத்தான் வேண்டும்" என்று சர்ஜன் சொன்னால் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் முக்கியம். கீமோ தொடங்குவதற்கு முன் சர்ஜன் அப்பாவின் வாய்க்குள் கட்டியின் எல்லையைச் சுற்றி நாலைந்து இடத்தில் பச்சை குத்துவார்களா என்று கேளுங்கள். பச்சை குத்துவது என்றால் நம் பாட்டிகள் கையில் குத்தியிருப்பார்களே, அதேதான்; கறுப்பு மையில் கடுகளவு புள்ளி. கீமோவில் கட்டி பாதியாகச் சுருங்கிய பிறகு எது பழைய எல்லை என்று யாருக்கும் தெரியாது. சதை சுருங்கும்போது எல்லாச் செல்லும் ஒரே சீராகச் செத்துப்போவதில்லை. அங்கங்கே தீவு தீவாகச் சில மிஞ்சும். அந்தப் புள்ளிகள்தான் கத்திக்கு வழிகாட்டி. இதைப் பற்றிக் கேட்டால் முகத்தைச் சுளிக்கிற இடத்தைவிட, "ஆமாம், முதல் கீமோவுக்கு முந்தின நாள் குத்திவிடுவோம்" என்று சொல்கிற இடத்தில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம்.

இப்போது அந்தக் கூடுதல் டிரிப்ஸும் மாத்திரையும். மருந்தின் பெயரை நீங்கள் எழுதவில்லை. இன்று தலை, கழுத்துப் புற்றுநோயில் கீமோவோடு சேர்த்துப் பார்க்கும் மருந்துகளில் பெரும்பாலானவை இரண்டு வகைக்குள் அடங்கும். ஒன்று, புற்றுச் செல்லுக்கு 'வளர், வளர்' என்று வரும் சமிக்ஞையை அடைப்பது. செடுக்சிமாப், நிமோடுசுமாப், எர்லோடினிப் எல்லாம் இந்த வீட்டுப் பிள்ளைகள். இன்னொன்று இம்யூனோதெரபி: நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப். நம் உடம்பின் காவல்காரச் செல்களுக்குப் புற்றுநோய் போட்டுவைத்திருக்கும் பூட்டைத் திறந்துவிடும் வேலை இவற்றுக்கு.

இம்யூனோதெரபியை ஆபரேஷனுக்கு முன்பே ஏன் தருகிறார்கள் என்பதற்குப் பின்னால் அழகான ஒரு யோசனை இருக்கிறது. காவல்காரச் செல்களுக்குப் பயிற்சி நடக்கிற இடம் கழுத்து நெறிகள். எதிரியை அடையாளம் காட்டும் சரக்கு அந்தக் கட்டி. ஆபரேஷனில் நாம் இரண்டையுமே எடுத்துவிடுகிறோம். எடுப்பதற்கு முன்பே மருந்தைக் கொடுத்தால், எதிரியின் முகத்தை நன்றாகப் பார்த்துப் பழகிய செல்கள் உடம்பு முழுக்கச் சுற்றும், ஆபரேஷனுக்குப் பிறகு மிச்சம் மீதி இருப்பதையும் தேடிப் பிடிக்கும் என்பது எதிர்பார்ப்பு.

இந்த எதிர்பார்ப்புக்கு ஒரு பெரிய ஆய்வு ஆதரவாகப் பேசியிருக்கிறது. கீநோட்-689 என்று பெயர், 714 பேர். ஒரு குழுவுக்கு ஆபரேஷனுக்கு முன் பெம்ப்ரோலிசுமாப் இரண்டு முறை, பின்பு கரண்டோடும் அதற்கப்புறமும் 15 முறை. இன்னொரு குழுவுக்கு வழக்கமான வைத்தியம். மூன்று வருடத்தில் நோய் முற்றாமலும் திரும்பாமலும் இருந்தவர்கள் மருந்து எடுத்த குழுவில் 57.6 சதவீதம், எடுக்காத குழுவில் 46.4 சதவீதம். 2025 ஜூனில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதற்கு அனுமதியும் கொடுத்தது, ஆனால் எல்லோருக்கும் அல்ல. பயாப்சித் துண்டில் பிடி-எல்1 என்ற அடையாளம் ஓரளவாவது இருப்பவர்களுக்கு மட்டும். நம்முடைய கேள்விக்கு முக்கியமான இன்னொன்று: அந்த ஆய்வில் ஆபரேஷனுக்கு முன்பு கீமோ கிடையாது, அந்த ஒரு மருந்து மட்டும்தான். கீமோவையும் இம்யூனோதெரபியையும் சேர்த்து ஆபரேஷனுக்கு முன் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைச் சீனாவில் இருபது, முப்பது பேரை வைத்துச் சின்னச் சின்ன ஆய்வுகளாகச் செய்திருக்கிறார்கள். வெட்டியெடுத்த சதையில் புற்றுச் செல்லே இல்லாமல் போனவர்கள் அவற்றில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இருந்தார்கள். கீமோ மட்டும் கொடுக்கும்போது நாங்கள் பார்க்கும் எண் அல்ல அது. மேலே ஞாபகத்தில் வைக்கச் சொன்னதை இங்கே பொருத்திப் பாருங்கள். உங்கள் ஆஸ்பத்திரியில் டிரையல் நடத்துகிறவர்களுக்கு நம்பிக்கை வந்ததும் அநேகமாக இந்த மாதிரி ஆய்வுகளைப் பார்த்துத்தான்.

அதற்காகச் சேர்த்தாலே நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் துறையில் இதற்கு நிறைய அடி வாங்கியிருக்கிறோம். கரண்ட், சிஸ்பிளாட்டின் இரண்டோடும் செடுக்சிமாபைச் சேர்த்து 891 பேரிடம் ஒரு ஆய்வு செய்தார்கள், 2014இல் முடிவு வந்தது. ஆயுளில் ஒரு வித்தியாசமும் இல்லை. வாய்ப்புண்ணும் தோல் எரிச்சலும்தான் கூடின. செவினாபன்ட் என்று ஒரு மருந்து, 96 பேரை வைத்துச் செய்த முதல் ஆய்வில் பிரமாதமாக வேலை செய்தது. மாநாடுகளில் அதைப் பற்றிப் பேசாதவர் இல்லை. எழுநூறுக்கும் மேற்பட்டவர்களோடு பெரிய ஆய்வு நடத்தினார்கள். பலன் தெரியப்போவதில்லை என்று 2024 ஜூனில் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. நானும் அந்த முதல் முடிவைப் பார்த்துவிட்டு நோயாளிகளிடம் ஆர்வமாகப் பேசியவன்தான். அதனால் உங்கள் டிரையல் இரண்டாம் கட்டமா மூன்றாம் கட்டமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாம் கட்டம் என்றால் 'வேலை செய்கிற மாதிரி தெரிகிறதா' என்று பார்க்கிறார்கள். மூன்றாம் கட்டம் என்றால் 'வழக்கமான வைத்தியத்தை ஜெயிக்கிறதா' என்று பார்க்கிறார்கள்.

வாட்ஸப்பில் வந்தது என்று நீங்கள் கேட்டிருந்த 'மும்பைக் குறைந்த டோஸ் ஊசி' உண்மைதான். நிவோலுமாப் வழக்கமாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம். டாடா மெமோரியலில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் கொடுத்தார்கள், அதுவும் வாய்வழி மாத்திரைகளோடு. ஒரு வருடம் உயிரோடு இருந்தவர்கள் 16 சதவீதத்திலிருந்து 43 சதவீதமாகக் கூடினார்கள். நம் மாதிரி ஏழை நாட்டுக்குப் பெரிய விஷயம். ஆனால் அது குணப்படுத்தும் வாய்ப்பைத் தாண்டிவிட்டவர்களுக்குச் செய்தது. உங்கள் அப்பா அந்த இடத்தில் இல்லை.

இனி சித்தப்பாவின் கோபம். கம்ப்யூட்டர் குழு பிரிப்பது என்றால் பாதிப் பேரை வைத்தியம் இல்லாமல் விடுவது என்று அவர் நினைக்கிறார் போலிருக்கிறது. அப்படி இல்லை. கீமோவும் ஆபரேஷனும் எல்லோருக்கும் உண்டு, கூடுதல் மருந்து மட்டும்தான் சிலருக்கு. டாக்டரே ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் தெம்பாக இருப்பவர்களையே புது மருந்துப் பக்கம் தள்ளிவிடுவார், கடைசியில் மருந்து நல்லதா ஆள் நல்ல தெம்பா என்று தெரியாமல் போகும். அதற்குத்தான் கம்ப்யூட்டர். நம் ஊருக்கு இது புதிதும் அல்ல. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் 1970களிலேயே வாய்ப்புற்றுநோய்க்குக் கரண்டோடு பிளியோமைசின் என்ற கீமோ மருந்தைச் சேர்த்துப் பார்த்து ஆய்வு வெளியிட்டவர்கள். சிஸ்பிளாட்டினும் ஒரு காலத்தில் சோதனை மருந்துதான். அன்று யாரோ கையெழுத்துப் போட்டதால்தான் இன்று உங்கள் அப்பாவுக்கு எவ்வளவு டோஸ் என்று எங்களுக்குத் தெரியும்.

சட்டமும் இருக்கிறது. 2009 முதல் மருந்து டிரையல்களைச் சி.டி.ஆர்.ஐ. என்ற தேசியப் பதிவேட்டில் பதிவு செய்வது கட்டாயம். அந்த எண்ணைக் கேளுங்கள், இணையத்தில் போட்டால் யார் நடத்துகிறார்கள், எத்தனை பேர், எந்தக் கட்டம் என்று எல்லாம் வரும். 2019ஆம் வருட விதிகளின்படி டிரையலால் பாதிப்பு வந்தால் இலவச வைத்தியமும் இழப்பீடும் உண்டு. எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், அதற்காக வைத்தியத்தை நிறுத்த முடியாது. ஒப்புதல் படிவம் தமிழில் வேண்டும் என்று கேட்டு வாங்கி, வீட்டுக்கு எடுத்துவந்து படியுங்கள். 'இப்பவே கையெழுத்துப் போடுங்க' என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பக்க விளைவுகள் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, நானே சொல்கிறேன். டோசிடாக்செல் போட்ட ஏழாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை வெள்ளணுக்கள் இறங்கும். அந்த நாட்களில் காய்ச்சல் 100.4ஐத் தொட்டால் இரவு ஒரு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று படுக்கக் கூடாது. ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தையும் காதையும் பதம்பார்க்கும். காதுக்குள் இரைச்சல் கேட்கிறதா என்று ஒவ்வொரு சுற்றிலும் அப்பாவைக் கேளுங்கள். ஏலம் கூறுபவருக்குக் காது போனால் தொழிலே போய்விடும், டாக்டரிடம் அவர் தொழிலைச் சொல்லுங்கள். இம்யூனோதெரபி ஆரம்பத்தில் ஒன்றும் செய்யாத மாதிரி இருக்கும். மாதங்கள் கழித்துக்கூட தைராய்டு குறையலாம், வயிற்றுப்போக்கு வரலாம், மூச்சு வாங்கலாம். அதைச் சாதாரண வயிற்றுக்கோளாறு என்று ஊர் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டால் ஆபத்து.

எனக்கு இதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஒருவர் வந்தார், இதே மாதிரி கன்னத்துக் கட்டி. முதல் நாள் பார்த்தபோது வாய்க்குள் ஒரு விரல்தான் போனது. இரண்டு சுற்றுக் கீமோவுக்குப் பிறகு மூன்று விரலை அடுக்கி உள்ளே விட்டுக் காட்டினார். வலி போய்விட்டது, பரோட்டா சாப்பிட்டேன் என்றார். ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தோம். வரவில்லை. 'அதான் கரைஞ்சிருச்சே' என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். நான்கு மாதம் கழித்து வந்தபோது கட்டி தாடை மூட்டுக்குப் பின்னால் மேலே ஏறிவிட்டது, கத்தி போக முடியாத இடம். டிரையலில் சேர்வதால் வரும் ஆபத்து என்று என்னைக் கேட்டால் மருந்தைவிட முன்னால் இதைத்தான் சொல்வேன். கீமோவில் கிடைக்கும் சுகம் இரவல் சுகம், ஆபரேஷன் தேதி வரைக்கும்தான்.

ஆகவே, சேர்க்கலாமா என்றால் என் பதில்: அப்பாவின் கட்டி தாடையை ஒட்டியிருந்து எலும்பை அரிக்காதது என்பதால் கீமோவை முதலில் கொடுத்துப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது, சேர்க்கலாம். ஆனால் சர்ஜன், கீமோ டாக்டர், கரண்ட் டாக்டர் மூவரும் சேர்ந்து உட்காரும் டியூமர் போர்டில் அவருடைய கேஸை வைத்திருக்க வேண்டும். இரண்டாவது சுற்று முடிந்ததும் பரிசோதனை, சுருங்கவில்லை என்றால் மூன்றாவதுக்குக் காத்திராமல் நேராக ஆபரேஷன் என்று படிவத்தில் எழுதியிருக்க வேண்டும். ஆபரேஷன் வாரத்தை இன்றே குறித்துத் தரச் சொல்லுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வைத்தியம் பார்க்கிறீர்கள் என்றால், டிரையலில் சேர்ந்தால் எந்தச் செலவு யார் தலையில் என்பதைக் காப்பீட்டு கவுண்ட்டரில் இருப்பவரிடமும் கேளுங்கள். டாக்டருக்கு அது பெரும்பாலும் தெரியாது. இவற்றில் எதற்காவது மழுப்பலான பதில் வந்தால் டிரையல் வேண்டாம், நேராக ஆபரேஷனுக்குப் போங்கள். அதில் அப்பாவுக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

கடைசியாக, அப்பாவிடம் சொல்லாமல் இருப்பது. டிரையல் படிவத்தில் நீங்கள் கையெழுத்துப் போட முடியாது, அவர்தான் போட வேண்டும். நோய் என்னவென்றே தெரியாதவர் போடும் கையெழுத்துக்கு மதிப்பில்லை. தவிர, வாசலில் புற்றுநோய் என்று பெரிதாக எழுதியிருக்கும் வார்டில் மூன்று வாரமாக உட்கார்ந்திருக்கிறார். மண்டியில் முகத்தைப் பார்த்தே விலையைக் கண்டுபிடிக்கிறவருக்கு உங்கள் முகம் புரியாமலா இருக்கும்? உங்களுக்காக அவரும் தெரியாத மாதிரி இருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சொல்வதற்குத் தைரியம் வரவில்லை என்றால் டாக்டரையே சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் இருங்கள். ஏலத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது பெரிதா, தாடை பெரிதா, சீக்கிரம் எல்லாம் முடிய வேண்டும் என்பது பெரிதா என்று அவர் வாயாலேயே கேளுங்கள். நான் இவ்வளவு எழுதியதும் அவர் பதிலுக்கு ஏற்ப மாறலாம்.

அப்படியே, இடுப்பு மடிப்பில் இன்னமும் புகையிலைப் பொட்டலம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் இருக்கும்.